முன்னால் பெட்டி, பெட்டிக்குள் பிள்ளைகள்

சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளில் எங்கே உட்கார்ந்து போனீர்கள்? முன்னால் பாரிலா, பின்னால் கேரியரிலா? பாரில் போனவர்களுக்கு அந்த இரும்புக் குழாய் தொடையில் அழுத்திய வலி மறந்திருக்காது. துண்டைச் சுற்றி வைத்தாலும் மேடு பள்ளத்தில் வலி தப்பாது. கேரியரில் போனவர்களுக்கு வேறோர் அபாயம் உண்டு. என் தங்கைக்கு ஆறு வயதிருக்கும்போது மாமா அவளைக் கேரியரில் வைத்துக் கடைத்தெருவுக்கு ஓட்டிச் சென்றார். திரும்பி வரும்போது அவளுக்குத் தூக்கக் கலக்கம். தொங்கிக்கொண்டிருந்த கால் சற்றே உள்வாங்கியது. குதிகால் ஆரக்கால்களுக்கும் சட்டத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. பிறகு மூன்று வாரம் கட்டுப் போட்ட காலோடு திண்ணையில்தான் இருந்தாள். எலும்பு மருத்துவர்களுக்கு இது பழகிப்போன காயம். மருத்துவ நூல்களில் ‘சைக்கிள் ஆரக்கால் காயம்’ என்று இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது.

மாமா வேகமாக ஓட்டவில்லை; மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் இருக்காது. ஆனால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 10 கி.மீ. என்பது விநாடிக்கு ஏறத்தாழ 2.8 மீட்டர். பெரிய சைக்கிள் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். ஆகவே சக்கரம் விநாடிக்கு ஒன்றேகால் முறைக்குச் சற்றுக் கூடுதலாகச் சுற்றுகிறது. பழைய சைக்கிளின் பின்சக்கரத்தில் 40 ஆரக்கால்கள். அப்படியானால் ஓர் இடத்தை விநாடிக்கு 50 ஆரக்கால்கள் கடந்து செல்கின்றன! காலை இழுத்துக்கொள்ள அவளுக்குக் கிடைத்த நேரம் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. எந்தக் குழந்தையாலும் அது முடியாது.

சரி, குழந்தையைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போவதே தவறா? தவறில்லை. எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்கு டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் ஒரு விடை கண்டிருக்கிறார்கள். காலையில் அந்த நகரத் தெருவில் நின்றால் வேடிக்கையான வண்டிகளைக் காணலாம். முன்னால் இரண்டு சக்கரங்கள், அவற்றின் நடுவே ஒரு மரப் பெட்டி, பின்னால் ஒரு சக்கரமும் பெடலும். பெட்டிக்குள் இருக்கை வார் போட்டுக்கொண்டு இரண்டு பிள்ளைகள். மழை வந்தால் மேலே ஒரு கூண்டு. பின்னால் அம்மாவோ அப்பாவோ மிதித்துக்கொண்டு போகிறார்கள். இரண்டோ அதற்கு மேலோ பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றிடம் அந்நகரில் இத்தகைய வண்டி இருக்கிறது.

சென்னைக்காரர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. நம்முடைய மீன்பாடி வண்டியும் இதே அமைப்புதான்: முன்னால் இரண்டு சக்கரமும் பலகையும், பின்னால் ஓட்டுபவர். டென்மார்க்கிலும் முதலில் இவை சரக்கு வண்டிகளே. ரொட்டியும் பாலும் கடிதமும் சுமந்தவை. 1920களில் அங்கே ‘லாங் ஜான்’ என்ற இரு சக்கர வண்டி உருவானது. அதில் ஓட்டுபவருக்கும் முன்சக்கரத்துக்கும் இடையே நீண்ட, தாழ்வான பலகை இருக்கும். ஹேண்டில்பாரிலிருந்து ஒரு நீண்ட கம்பி அடியில் ஓடி முன்சக்கரத்தைத் திருப்பும். கார்களும் வேன்களும் பெருகியதும் இவை மங்கிப்போயின. 1984இல் கோபன்ஹேகனின் கிறிஸ்தியானியா என்னும் பகுதியில் லார்ஸ் எங்ஸ்ட்ரோம் என்பவர் தம் துணைவி அன்னி லெர்க்கேவுக்குப் பிறந்த நாள் பரிசாக ஒரு மூன்று சக்கரப் பெட்டி வண்டி செய்து கொடுத்தார். அந்தப் பகுதிக்குள் கார் ஓட்ட அனுமதி இல்லை. சாமானுக்கும் பிள்ளைகளுக்கும் ஏதாவது வண்டி வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்தார் எங்களுக்கும் ஒன்று என்று கேட்க, அதுவே ஒரு தொழிலாயிற்று. நெதர்லாந்தில் இதை ‘பக்ஃபீட்ஸ்’ என்பார்கள். ‘பக்’ என்றால் பெட்டி, ‘ஃபீட்ஸ்’ என்றால் சைக்கிள். 2000ஆம் ஆண்டையொட்டி அங்கே லாங் ஜான் பாணியில், பிள்ளைகளுக்கென்றே பெட்டி வைத்த வண்டிகள் வரத் தொடங்கின.

வண்டி மட்டும் இருந்தால் போதுமா? நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். தம் மகளை அப்படி இழந்த ஒரு பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையின் தலைப்பு ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்பது. அதுவே ஓர் இயக்கத்தின் பெயராகிவிட்டது. பெற்றோரும் பிள்ளைகளும் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். 1973இல் பெட்ரோலியத் தட்டுப்பாடு வந்தபோது நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்தார்கள். வெறிச்சோடிய சாலையில் மக்கள் சைக்கிள் ஓட்டிப் பார்த்தார்கள். இவற்றுக்குப் பிறகே சைக்கிள் பாதைகள் ஒழுங்காக வளர்ந்தன. 2023இல் நெதர்லாந்தில் சாலை விபத்துச் சாவுகள் 684. காரிலேயே பல மாற்றங்கள் வந்துவிட்டதால் இந்தக் குறைவு முழுவதையும் சைக்கிள் பாதையின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆயினும் பெட்டி வண்டி கார்களுக்கு நடுவே புகுந்து போவதில்லை, தனிப் பாதையில் போகிறது என்பதை மறந்துவிட்டு நாம் வண்டியை மட்டும் வியந்து பயனில்லை.

இனி வண்டியின் இயற்பியலுக்கு வருவோம்.

முதலில் நிற்கும் வண்டி. சைக்கிளில் குழந்தை விழுவது ஓடும்போதுதான் என்று நினைப்போம். ஆனால் வண்டியை நிறுத்தும்போதும், ஸ்டாண்டு போடும்போதும், பூட்டைத் தேடும்போதும் விழுவது உண்டு. வண்டி 10 பாகை சாய்ந்துவிட்டது என்று கொள்வோம். கேரியர் சீட்டில் 20 கிலோ எடையுள்ள குழந்தை. அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 100 செ.மீ. உயரத்தில். சாய்ந்ததும் அந்த மையம் சக்கரக் கோட்டிலிருந்து 17 செ.மீ. பக்கவாட்டில் விலகிவிடும். எடை சுமார் 200 நியூட்டன். ஆகவே வண்டியைக் கவிழ்க்கும் திருப்புத்திறன் 200 × 0.17 = 34 நியூட்டன் மீட்டர். அதே குழந்தை முன்பெட்டியில் 60 செ.மீ. உயரத்தில் இருந்தால்? விலகல் 10 செ.மீ.க்குச் சற்றுமேல், திருப்புத்திறன் ஏறத்தாழ 20. ஒரு கையில் காய்கறிப் பையோடு மறு கையால் வண்டியைப் பிடித்திருக்கும் அம்மாவுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

அப்படியானால் சுமை தாழ இருந்தால் எப்போதும் நல்லது என்று சொல்லிவிடலாமா? அவசரப்படாதீர்கள். ஒரு விளக்குமாற்றுக் கழியை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். சற்றுப் பழகினால் நிற்கும். இப்போது ஒரு பென்சிலை நிறுத்துங்கள். நிற்கவே நிற்காது! உயரமான பொருள் மெதுவாகச் சாய்கிறது. குட்டையானது சட்டென்று சாய்கிறது. சாய எடுக்கும் நேரம் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமைகிறது. 120 செ.மீ. கழிக்கு, 30 செ.மீ. அடிக்கோலைப்போல் இரு மடங்கு நேரம். ஆகவே ஓடும்போது, தாழ்ந்த சுமையுள்ள இரு சக்கர வண்டியை இன்னும் சுறுசுறுப்பாகத் திருப்பித் திருப்பிச் சமாளிக்க வேண்டும். நல்ல வேளையாக, ஓட்டுபவர் உயரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அதனால் மொத்த ஈர்ப்பு மையம் மிகவும் தாழ்ந்துவிடுவதில்லை.

‘திருப்பித் திருப்பி’ என்றேனே, அது என்ன? இரு சக்கர வண்டி விழாமல் இருப்பதன் அடிப்படையே அதுதான். இடப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்புகிறோம். சக்கரங்கள் விழும் உடலின் அடியில் வந்து நின்று தாங்குகின்றன. உள்ளங்கையில் கழி சாயும் பக்கம் கையை நகர்த்துவது போலத்தான். சுழலும் சக்கரம் பம்பரம்போல் நிற்பதால்தான் சைக்கிள் விழுவதில்லை என்று பல நூல்களில் படித்திருப்பீர்கள். 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய வேதியியலார் இதைச் சோதித்தார். முன்சக்கரத்தின் பக்கத்தில் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தை மாட்டினார். பம்பர விளைவு அழிந்தது. ஆனாலும் அந்த வண்டியை அவரால் ஓட்ட முடிந்தது! 2011இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பம்பர விளைவே இல்லாத ஒரு சிறு வண்டியை, ஓட்டுபவர் இல்லாமலே தானாக ஓடும்படி செய்து காட்டினார்கள். அதன் முன்பகுதியில் எடை தாழ்வாக வைக்கப்பட்டிருந்தது. தாழ்ந்த பகுதி பென்சில்போல் வேகமாகச் சாய முற்படுகிறது. அந்தச் சாய்வே முன்சக்கரத்தைத் தேவையான பக்கம் திருப்பிவிடுகிறது. ஒரு சைக்கிளை நிமிர்ந்து நிற்க வைக்கும் காரணம் ஒன்றே ஒன்றல்ல என்பது இப்போதைய முடிவு.

மூன்று சக்கர வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. அது நின்றாலும் நிற்கும். ஆனால் அதற்கு வேறொரு குணம் உண்டு. இரு சக்கர வண்டி வளைவில் உள்பக்கம் சாய்ந்து கொள்ளும். மூன்று சக்கர வண்டி சாயாது. வளைவில் வெளிப்பக்கம் தள்ளப்படுவதுபோல் தோன்றும் விளைவு முழுவதையும் அகலம் ஒன்றைக் கொண்டே அது தாங்க வேண்டும். எவ்வளவு தாங்கும்? கணக்கிடுவோம்.

மேலிருந்து பார்த்தால் மூன்று சக்கரங்களும் ஒரு முக்கோணம். முன்னால் அடிப்பக்கம், பின்னால் முனை. முன்சக்கரங்களுக்கு இடையே 80 செ.மீ., முன்னிருந்து பின்னுக்கு 120 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வண்டி இடப்பக்கம் திரும்பும்போது கவிழ்வதானால், வலது முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் இணைக்கும் கோட்டின்மேல் கவிழும். ஆகவே ஈர்ப்பு மையம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே முக்கியம்.

ஓட்டுபவர் 60 கிலோ. அவர் பின்சக்கரத்துக்கு 40 செ.மீ. முன்னால், 110 செ.மீ. உயரத்தில். வண்டி 40 கிலோ. அதன் மையம் பின்சக்கரத்துக்கு 80 செ.மீ. முன்னால், 50 செ.மீ. உயரத்தில். பெட்டி காலியாக இருந்தால் மொத்த மையம் பின்சக்கரத்துக்கு 56 செ.மீ. முன்னால், 86 செ.மீ. உயரத்தில் வருகிறது. அந்த இடத்தில் முக்கோணத்தின் பாதி அகலம் 40 × 56 ÷ 120 = 18.7 செ.மீ. மட்டுமே. வண்டி தாங்கக்கூடிய பக்கவாட்டு முடுக்கம் 9.8 × 18.7 ÷ 86, அதாவது 2.1 மீ/வி². நான்கு மீட்டர் ஆரமுள்ள ஒரு தெருமுனையில், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் இந்த அளவு வர வேண்டும். விடை விநாடிக்கு 2.9 மீட்டர். மணிக்கு வெறும் பத்தரை கிலோமீட்டர்! அதைத் தாண்டினால் உள்பக்கச் சக்கரம் மேலே எழும்பும்.

இப்போது பெட்டியில் தலா 20 கிலோவில் இரண்டு பிள்ளைகளை உட்கார வையுங்கள். பின்சக்கரத்துக்கு 110 செ.மீ. முன்னால், 60 செ.மீ. உயரத்தில். மொத்த மையம் 71 செ.மீ.க்கு முன்னேறுகிறது, உயரம் 79 செ.மீ.யாகக் குறைகிறது. பாதி அகலம் கிட்டத்தட்ட 24 செ.மீ. தாங்கும் முடுக்கம் 3 மீ/வி². அதே தெருமுனையில் வேகம் மணிக்கு 12 கி.மீ.க்கு மேல் போகலாம். பிள்ளைகளோடு போவதைவிடப் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் வண்டி கவிழ வாய்ப்பு அதிகம் என்று இதிலிருந்து தெரிகிறதல்லவா? புதிதாக ஓட்டுபவர்கள் காலி வண்டியோடு முனையில் தடுமாறுவதற்குக் காரணம் இதுவே. ஓட்டுபவர் உடலை வளைவின் உள்பக்கம் சாய்த்துக்கொண்டால் மையம் சற்று நகர்ந்து உதவும். பெட்டிக்குள் பிள்ளைகள் எழுந்து நின்றாலோ, உயரம் கூடிக் கணக்கு மாறிவிடும். இருக்கை வார் போடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்து பிரேக். நாம் சேர்த்த எடை மொத்தம் 140 கிலோ. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 1,200 ஜூல், 20 கி.மீ. வேகத்தில் சுமார் 2,160 ஜூல். பிரேக் பிடித்தால் இவ்வளவும் வெப்பமாக வேண்டும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் நிற்கும் தூரம் ஏறத்தாழ இரு மடங்கை நெருங்குகிறது. விநாடிக்கு விநாடி 3 மீட்டர் வீதம் வேகம் குறைவதாகக் கொண்டால் முன்னதற்கு 2.9 மீட்டர், பின்னதற்கு 5.1 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொடவே ஒரு விநாடி ஆகிறதே, அதில் ஓடும் 4 மீட்டரும் ஐந்தரை மீட்டரும் தனி. ஒரு நன்மையும் உண்டு: சாதாரண சைக்கிளில் முன்பிரேக்கை அழுத்தினால் தலைகுப்புற விழுவோம். நீளமான லாங் ஜானில் முன்சக்கரம் வெகுதூரம் முன்னால் இருப்பதால் அப்படி விழ வாய்ப்பில்லை. சக்கரம் வழுக்கத்தான் செய்யும்.

இவ்வளவு எடையை ஒருவர் மிதிக்க முடியுமா? சமதளத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் டயரின் உருளல் தடையும் காற்றும் சேர்ந்து 50 வாட் கூடக் கேட்பதில்லை. சாதாரண மனிதர் ஒருவர் 100 வாட்டை நெடுநேரம் தர முடியும். ஆனால் நூறு மீட்டருக்கு 3 மீட்டர் ஏறும் ஒரு சரிவு வந்தால் ஏறுவதற்கு மட்டும் 114 வாட் கூடுதலாக வேண்டும். மூச்சு வாங்கும், கியர் இருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஏறலாம். இந்த வண்டி தட்டையான நாடுகளான டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் வேரூன்றியதில் வியப்பில்லை. மேடு பள்ளமான ஊர்களுக்கு மின்மோட்டார்தான் வழி திறந்தது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அதன் திறன் 250 வாட். மணிக்கு 25 கி.மீ.யை எட்டியதும் அது உதவியை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மோட்டார் வந்ததும் வண்டிகள் கனமாயின, நெடுந்தூரம் ஓடின. அப்போது வேறொரு சங்கடம் தலைகாட்டியது. 2024 பிப்ரவரியில் நெதர்லாந்து அரசின் பாதுகாப்புக் கண்காணிப்பு அமைப்பு, ஒரு பெரிய நிறுவனத்தின் பெட்டி வண்டிகளின் சட்டம் ஓட்டத்தில் முறியக்கூடும் என்று கண்டு விற்பனையை நிறுத்த ஆணையிட்டது. இரும்பு எப்படி முறியும்? ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் ஒன்றும் ஆகாது. இப்படியும் அப்படியும் இருபது முறை வளைத்தால் ஒடிந்துவிடும். இதை ‘உலோகச் சோர்வு’ என்பார்கள். ஒவ்வொரு குழியிலும் சட்டம் நூலிழை அளவு வளைந்து நிமிர்கிறது. பற்றவைத்த மூட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் இலட்சக்கணக்கான குலுக்கல்களில் மெல்ல வளர்கிறது. பெட்டி வண்டியில் பெட்டியும் மிதிக்கும் பகுதியும் சேரும் இடத்தில்தான் வளைவு மிகுதி. அந்த மூட்டைத் துடைத்துவிட்டு, பெயிண்டில் மயிரிழைக் கோடு தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது. நம்மூர் சைக்கிள் கடைக்காரர்கள் ஃபோர்க்கைப் பார்ப்பதும் இப்படித்தான்.

கேரியரில் ஏறும் குழந்தைக்கு என்ன செய்யலாம்? பின்சக்கரத்தின் மேற்பாதியை இரு பக்கமும் வலையாலோ தகட்டாலோ மூடிவிட வேண்டும். சேலையும் தாவணியும் மாட்டாமலிருக்க நம் ஊர்களில் முன்பே மாட்டி வந்த வலைதான் அது. அதோடு, கால் வைக்க இரு பக்கமும் மிதிகட்டை இருந்தால் குதிகால் உள்வாங்காது. மாமா பிறகு இரண்டையும் மாட்டினார்.

கவிழும் கணக்கை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தடித்த அட்டையில் அடிப்பக்கம் 8 செ.மீ., உயரம் 12 செ.மீ. உள்ள இருசமபக்க முக்கோணம் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். மூன்று மூலைகளிலும் அடியில் சம உயரமான சிறு கட்டைகளை ஒட்டுங்கள். இதுதான் வண்டி. அடிப்பக்கத்திலிருந்து முனைக்குச் செல்லும் நடுக்கோட்டின்மேல் இரண்டு தீப்பெட்டிகளில் மணல் நிரப்பி, ஒன்றின்மேல் ஒன்றாக உயரவாக்கில் ஒட்டி நிறுத்துங்கள். வண்டியை ஒரு பலகையில், அடிப்பக்கம் பலகையின் நீளவாக்கில் அமையும்படி வைத்து, பலகையின் ஒரு நுனியை மெல்லத் தூக்குங்கள். எந்தக் கோணத்தில் கவிழ்கிறது என்று கோணமானியால் குறித்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டிகளை முனைக்கு அருகில் வைத்து ஒருமுறை, அடிப்பக்கத்துக்கு அருகில் வைத்து ஒருமுறை, ஒன்றை எடுத்துவிட்டு இன்னொரு முறை. அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட், பாதி அகலத்தை மைய உயரத்தால் வகுத்த அளவுக்குச் சமமாக வருகிறதா? நாம் கணக்கிட்ட காலி வண்டிக்கு அது 12 பாகை, பிள்ளைகள் ஏறிய வண்டிக்கு 17 பாகை. வண்டி கவிழுமுன் வழுக்கிக்கொண்டு கீழே வந்தால் பலகையின்மேல் உப்புத்தாளை ஒட்டிவிடுங்கள்.